மாதிரித் தேர்வு, கொக்குவில்

கப்பல் மூழ்குகிறது. பதினைந்து பொருட்கள்.
முக்கியத்துவப்படி வரிசைப்படுத்துக.
பத்து நிமிடம்.

அனோஜிதா கைபேசியில் நேரம் வைத்துவிட்டுத்
தேர்வுக்குழுவின் முகத்தைப் போட்டுக்கொண்டாள்.
வாடகை அறையில் ஒரு விசிறி, ஒரு மேசை.
மேசையில் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம்:
கிணற்று நீரில் நைத்திரேற்று.
அதன்மேல் வடை சுற்றி வந்த பேப்பர்.

முகம் பார்க்கும் கண்ணாடியை
பத்தாவதாகப் போட்டேன்.
விடைத்தாளில் அதுதான் முதலாவது.
வெயிலைத் திருப்பித்
தூரத்துக் கப்பலைக் கூப்பிடலாமாம்.
அங்கே ஆரும் பார்த்துக்கொண்டிருந்தால்.

"ஏன் இப்பிடி வரிசைப்படுத்தினனீர்?
காரணம் சொல்லும்."

எனக்கு அப்போது ஒன்பது வயது.
பத்து நிமிடம் கிடைக்கவில்லை.
அம்மா தூக்கியது தையல் மெசினின் தலையை.
காலை விட்டுவிட்டுத் தலையை மட்டும்
பழஞ்சீலையில் சுற்றி,
தம்பியை என் இடுப்பில் ஏற்றிவிட்டு.
பிறகு முகாமில் அதுதான்
எங்களுக்குச் சவர்க்காரமும் கொப்பியும் வாங்கியது.

பட்டியலில் தையல் மெசின் இல்லை.

"இதை அங்க சொல்லலாமோ?"
அனோஜிதா நேரத்தை நிறுத்தினாள்.
"சொல்லலாம். ரெண்டு நிமிசத்துக்குள்ள.
அழக்கூடாது. கடைசியில
என்ன திறன் கற்றனீர் எண்டு வரவேணும்."

நெருக்கடியில் முடிவெடுத்தல் என்று எழுதினேன்.
வெட்டினேன்.
அது அம்மாவின் சுயவிவரத்தில் வரவேண்டியது.

வெள்ளிக்கிழமை கொழும்பு.
கிளிநொச்சி பஸ்ஸில் போட்டுவிட்ட பார்சல்
கதவடியில் கிடக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை.
வெள்ளைச் சட்டை. எப்படியும்
கை ஒரு அங்குலம் நீளமாய்த்தான் இருக்கும்,
வளருவேன் என்று இப்போதும் நினைக்கிறா.

"திரும்ப," என்றாள் அனோஜிதா.
"பத்து நிமிடம்."