வலது கால்

பத்தொன்பது வருஷம்
டென்சிலின் வலது காலைப் பார்த்தபடியே பேஸ் வாசித்தேன்.
முகம் அவ்வளவாகப் பழக்கமில்லை.
கிராஷ் சிம்பல் மறைத்துக்கொள்ளும்.
போட்டோக்களிலும் அதே கதை:
இம்தியின் தொண்டை நரம்பு, ஷமந்தின் முடி,
என் கிட்டாரின் ஒரு முனை,
பின்னால் ஒரு பித்தளை வட்டம்,
அதிலிருந்து முளைத்த முழங்கை.

காலைத் தெரியும்.
அடி தேய்ந்த கான்வாஸ், கட்டைவிரல் எட்டிப் பார்க்கும்.
ஷூவை மாற்றினால் தாளம் வேறு ஆளுடையதாகிவிடும் என்பான்.
அந்தக் கால் இறங்குவதற்கு
மயிரிழை முன்னால் என் விரல் விழுந்துவிடும்.
"முந்தறே மச்சா."
கோபமே இருக்காது,
மழை வருது என்பதுபோலச் சொல்வான்.

லிங்கராஜபுரத்தில்
குஞ்ஞாலி பேக்கரியின் மொட்டைமாடி, மாதம் எண்ணூறு.
ரொட்டி டிரேக்களில் போர்வை திணித்து ஒத்திகை.
கீழே பன் மாவு பொங்கும் நேரத்தில்
அதிர்ந்தால் அமுங்கிவிடுமாம்.
நாங்கள் நிறுத்துவோம். டென்சில் நிறுத்தமாட்டான்,
மாவுக்குத் தெரியாமல் வாசிப்பான்.
அவன் மெதுவாக அடித்தால்தான்
எனக்கு வயிற்றைக் கலக்கும்.

டிரம் செட்டைக் கண்டால் ஆட்டோக்கள் பறந்துவிடும்,
ஒன்றரை மடங்கு தருகிறோம் என்றாலும்.
தக்காளி வண்டியில் வீடு திரும்பிய இரவுகள் எத்தனை.
பதினொன்றரைக்கு போலீஸ்காரர்
கவுண்டரில் லத்தியால் தட்டுவார்.
ஒருநாள் அந்தத் தட்டலோடு சேர்ந்துகொண்டு
நாலு சுற்று வாசித்தான் டென்சில்.
லத்தியும் நிறுத்தவில்லை.
நாங்கள் செய்ததிலேயே நல்ல பாட்டு அதுதான்.

பேலஸ் கிரவுண்ட்ஸில் வெளிநாட்டுக்காரர்களுக்கு முன்னால்
எங்களுக்கு இருபது நிமிஷம். கொட்டுகிற மழை.
ஃப்ளோர் டாமில் தேங்கிய தண்ணீர்
ஒவ்வோர் அடிக்கும் எழுந்து நின்றது, ஆள் உயரத்துக்கு.
கூட்டம் தண்ணீரைப் பார்த்துக் கத்தியது.
அவனுக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு ஆல்பம். மும்பை, அந்தேரி.
தயாரிப்பாளர் ஹெட்போனைக் கழற்றினார்:
"ஆள் பிரமாதம். ஆனால் சாய்கிறார்."
மகள் பிறந்தாளென்று டென்சில் ரயிலேறியதும்
மூன்று இரவில் ஒரு மெஷின்
பத்துப் பாட்டையும் வாசித்து முடித்தது.
ஒரு காகிதம் வந்தது.
ஷமந்த் கையெழுத்துப் போட்டான்.
இம்தி ஒரு சிகரெட் முடித்துவிட்டுப் போட்டான்.
இருவருக்கும் முன்னாலேயே நான் போட்டிருந்தேன்.

அட்டையில் அச்சாகியிருந்தது: டிரம்ஸ், டென்சில் அருள்ராஜ்.
பேக்கரி வாசலில் நின்று கேட்டான்,
முதல் பாட்டில் பாதி.
டீயில் தோய்த்த பன் உடைந்து உள்ளே விழுந்தது.
"கிக் சுத்தமா இருக்கு" என்றான்.
அதன்பின் ஆறு வருஷம்
மெஷின் வாசித்ததை மேடையில் வாசித்தான்.
அச்சு அசல். சாயவே இல்லை.
ஆல்பம் மாதிரியே இருக்கு என்று
கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது ஏர்போர்ட் டாக்ஸி. பாதிக் கடன்.
இடது காதில் ஒரு சிம்பல் அடங்குவதே இல்லையாம்,
தலையணையை வைத்து அமுக்கிக்கொண்டு தூங்குகிறானாம்.
நான் கூப்பிட்டால் வருவான்.
கூட வைத்துக் கொடுப்பேன், எண்ணாமல் வாங்கிக்கொள்வான்.

நேற்று ஹெப்பாள் மேம்பாலம். மழை. எதுவும் நகரவில்லை.
வைப்பருக்கு ஒரு கதி, இண்டிகேட்டருக்கு ஒரு கதி.
விலகி விலகிப் போய்
எப்போதோ ஒரு தடவை ஒன்றாக விழும்.
"இப்போ" என்றான்.
மறுபடி விலகின.
காகிதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரல் உயர்ந்தது.
"இரு. இன்னும் மூணு இருக்கு."

குனிந்து பார்த்தேன்.
பிரேக்கின்மேல் கறுப்புத் தோல் ஷூ, யூனிஃபார்முக்கு.
பக்கக் கண்ணாடியில்
பின்னால் நிற்கிற பஸ்ஸின் நெற்றி
சிவந்து சிவந்து அணைந்தது.
பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தார்.