நாற்பத்தொரு விநாடி

எழுத்து தெரிகிறதா இல்லையா,
அவ்வளவுதான் என் வேலை.
ஊபியில், ஏழாம் மாடியில்,
குளிரூட்டி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
பந்தயத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவேன்.
கசமோரி டயர்ஸ், வெள்ளை எழுத்து, அடியில் சிவப்புக் கோடு.
முழுதாகத் தெரிந்தால் ஒன்று,
பாதி மறைந்தால் அரை,
மங்கினால் கணக்கில்லை.
விநாடிக்கு இத்தனை வெள்ளி என்று
ஒசாகாவில் ஒரு வாய்பாடு இருக்கிறது.
எனக்கு அதைக் காட்டியதில்லை.

மற்றவர்கள் பார்ப்பது கார்.
நான் பார்ப்பது கார் போன பிறகு
திரையில் மிஞ்சும் சுவர்.
ஆண்டர்சன் பாலத்தில் நமக்கு இரண்டு பதாகை.
ராஃபிள்ஸ் அவென்யூவில் ஒன்று;
அதன் முன்னால் ஆரஞ்சுச் சட்டை மார்ஷல் ஒருவர்
மூன்று நாளும் நகராமல் நின்றார்.
எங்கள் பெயரில் 'மோரி' மட்டும்
உலகம் முழுக்கப் போயிற்று.
சாக்கடைக்குச் சில ஊரில் அதுதான் பெயரென்று
நிஷிவாக்கி சானிடம் நான் சொல்லவில்லை.

நாங்கள் பணம் போட்டது பெரிய பந்தயத்தில் அல்ல.
அதற்கு முன், விளக்குகள் முழுதாய் ஏறாத மாலையில்,
ஆட்கள் இன்னும் சாத்தே வரிசையில் நிற்கையில்
இருபது கார் ஓடுமே, அதில்.

எட்டாம் சுற்று. மழை விட்டுப் பத்து நிமிடம்.
இருபத்தேழாம் எண்.
ஈப்போ பையன், வெய் ஜுன்.
வியாழக்கிழமை ஆபீசுக்கு வந்து
தொப்பிகளில் கையெழுத்துப் போட்டவன்.
மை தீர்ந்ததும் என் பேனாவை வாங்கி
திருப்பித் தர மறந்தவன்.
வெள்ளைக் கோட்டில் பின்சக்கரம் வழுக்கியது.
கார் ஒருமுறை வந்த வழியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்
தடுப்பில் போய் ஏறியது.

நான் இதைப் பார்ப்பது திங்கட்கிழமை.
அவன் பிழைத்தது தெரியும்,
விலா எலும்பு இரண்டு என்பதும் தெரியும்.
ஆனாலும் என் கால்
மேசைக்கடியில் பிரேக்கைத் தேடியது.

கேமரா நகரவில்லை.
கதவில் எங்கள் பெயர். நேராக. கூர்மையாக.
மேலே புகை, கீழே புகை,
எழுத்தின்மேல் மட்டும் புகை இல்லை.
பழகிய கட்டைவிரல் அழுத்திவிட்டது.
ஒன்று. இரண்டு. மூன்று.
பதினேழில் கதவு அசைந்தது.
இருபத்தாறில் ஒரு கையுறை.
முப்பத்தெட்டில் தலைக்கவசம்.
நாற்பத்தொன்றில் ஒரு முதுகு குறுக்கே வந்து மறைத்தது.

இந்த ஆண்டின் மிக நீளமான காட்சி.
கட்டம் தானாகப் பச்சையாயிற்று.
எட்டிப் பார்த்த ஹுய் மின் "வாவ்" என்றாள்,
பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடி ஓட்டினேன், சட்டகம் சட்டகமாய்,
அவனைப் பிடித்தது எது என்று பார்க்க.
தடுப்பின் உறை கிழிந்திருந்தது.
உள்ளே பழைய டயர்கள்,
அடுக்கி, போல்ட் போட்டு இறுக்கியவை,
எங்கெங்கோ ஓடி வழுக்கையாகி
இனி யாரும் விலை கேட்காதவை.
ஒன்றின் பக்கவாட்டில்
தலைகீழாய், சேற்றோடு,
கசமோரி.
பழைய எழுத்து. சிவப்புக் கோடு சேராத காலத்தது.
ஒன்று புள்ளி நான்கு விநாடி.

படிவத்தில் கார் உண்டு, சுவர் உண்டு,
தொப்பி, குடை, குளிர்பானக் கோப்பைகூட உண்டு.
இதற்கு வரிசை இல்லை.
'இதர' என்று கீழே ஒன்று சேர்த்தேன்.

செவ்வாய் காலை ஒசாகாவிலிருந்து வந்தது:
நாற்பத்தொன்றுக்கு மிக்க நன்றி.
அந்த ஒன்று புள்ளி நான்கு என்ன?
அதற்கு நாம் பணம் கட்டியிருக்கிறோமா?

இல்லை என்று எழுதினேன்.
யாரோ ஒரு டாக்சிக்காரர் கட்டியிருப்பார்,
எப்போதோ, நான்கு டயருக்கு,
பேரம் பேசி.