உப்பு போதுமா

நுக்சர் செத்து நாற்பதாம் நாள்.
சியாத்துராவில் அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை,
வழக்கமான மாங்கனீசுத் தூசி மட்டும்.
இருபத்தாறு பேர், ஒரே நீள மேசை.
கோப்பையோடு கோப்பை மோதாமல்
குடிக்க வேண்டிய மேசை.

மேசைத் தலைவனாக என்னை நிறுத்திவிட்டார்கள்.
எனக்கோ ‘ந’வில் நாக்கு சிக்கும்.
செத்தவன் பெயரே அதில் தொடங்கினால்
மனுஷன் என்ன செய்வான்?
நடுராத்திரி கைபேசியிடம் கேட்டேன்.
நல்ல நண்பன், ரோப் கார் ஓட்டியவன்,
வயது அறுபத்து மூன்று என்றேன்.
நாலு விநாடி.

வந்த உரை அழகாகத்தான் இருந்தது.
மலைகளை இணைத்த கம்பிவடம்போல்
மனங்களை இணைத்தவன் என்றிருந்தது.
பெயர் வரும் இடமெல்லாம் ‘அவன்’ என்று மாற்றி
கண்ணாடிமுன் மூன்று தரம் ஒத்திகை பார்த்தேன்.

படித்தேன். திக்கவே இல்லை.
தலையசைத்தார்கள்,
ரொட்டித் துண்டில் மதுவைச் சொட்டினார்கள்,
பிறகு
கத்தரிக்காயைப் பார்த்தார்கள்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல அதில் இடமில்லை.
நாலு மூலையும் இழுத்துச் செருகிய படுக்கை விரிப்பு,
யார் அதில் உட்காருவார்?

அப்போதுதான் ஜும்பர் எழுந்தான்,
கோப்பையை எடுக்க மறந்து.
“என் கார் பேட்டரியை வாங்கிப் போனான்,” என்றான்.
“போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலம்.
திருப்பித் தரவில்லை.
கேட்கத்தான் ஏழெட்டு முறை இங்கே வந்தேன்.
வந்து, அதையும் இதையும் பேசி,
சாப்பிட்டுவிட்டுப் போனேன்.
இனி...
இனி எந்தச் சாக்கில் வருவேன்?”

நாற்பது நாளாய் வாய் திறக்காத லாமாரா
தலை நிமிர்ந்தாள்.
“உன் பேட்டரியா?
விலைக்கு வாங்கினேன் என்று
என்னிடம் காசு வாங்கிக்கொண்டானே, திருட்டுப் பயல்!”

யாரோ மூக்கால் சிரித்தார்.
அவள் எழுந்து போய்
கோழிக்கூட்டிலிருந்து அதைத் தூக்கி வந்தாள்,
ஒட்டிய இறகுகளோடு.
மீனுக்கும் அக்ரூட் துவையலுக்கும் நடுவே வைத்தாள்.
எடுத்துப் போ என்கிறாள் அவள்,
இங்கேயே இருக்கட்டும் என்கிறான் இவன்,
அது குளிர்காலமே இல்லை, மார்ச் என்று
மெராப் நடுவில் புகுகிறான்,
பனி இருந்தது என்கிறது ஒரு குரல்,
பனி இருந்தால் மார்ச் ஆகாதா என்கிறது இன்னொன்று.
எவர் வாக்கியமும் முடியவில்லை.
முடிய விடவில்லை எவரும்.

எனக்கு வெட்கத்தைவிடப் பொறாமை.
இயந்திரத்தைக் குறை சொல்ல மாட்டேன்,
போட்டதைத்தான் அரைத்தது.
ரோப் கார் என்று சொன்ன நான்
அந்தரத்தில் தொங்கிய அந்தச் சாயங்காலத்தைச் சொன்னேனா?

மின்சாரம் போய்விட்டது.
கீழே ஆறு, கறுப்பாய்.
தகரப் பெட்டிக்குள் நான் தனியாக.
நிலையத்தை விட்டுக் கரைக்கு ஓடிவந்து
நுக்சர் கத்தினான், ஒண்ணேகால் மணி நேரம்.
பயப்படாதே என்று ஒருதரம்கூடச் சொல்லவில்லை.
“மதியம் என்னடா சாப்பிட்டாய்?”
“பீ... பீன்ஸ்!”
“உப்பு போதுமா?”
“போ... போதவில்லை!”
“பெண்டாட்டியிடம் சொன்னாயா?”
“இல்லை!”
“கோழைப் பயலே!”
நான் திக்கி முடிக்கும்வரை
கழுத்தை அண்ணாந்து நிற்பான்,
பிறகுதான் அடுத்த கேள்வி.
அப்புறம் மூன்று நாள் அவனுக்குக் குரலே இல்லை.

இரண்டாம் முறை எழுந்தேன்.
கைபேசி கோட்டுப் பைக்குள் இருந்தது.
ந...
மெராப் மெல்லுவதை நிறுத்தினான்.
ந... ந...
ஒருவரும் அந்தப் பெயரை
எனக்காக முடித்துக் கொடுக்கவில்லை.