வரவுப் பக்கம்

செய்தி கடிதமாக வரவில்லை.
அரண்மனைவாசல் கடைத்தெருவில்
நிறுவனத்தின் ஷட்டரில் அரக்கு முத்திரை வைத்ததை
தண்ணி லாரி சகாயராசு பார்த்துவிட்டு
வேதாளைக்கு வந்து, குழாயைத் தொட்டிக்குள் விட்டபடியே சொன்னான்:
"அக்கா, இந்த லோடுக்கு ரொக்கம்தான்."

அப்போது நாலு எந்திரமும் ஓடிக்கொண்டிருந்தன.
ஜன்னலோரம் நூகு லெப்பை,
கையில் இரண்டு ஊசி, காதோரம் ரேடியோ.
ஆளுக்கு ஒரு தடவை நூற்றிருபது லிட்டர்.
கிணறு தோண்டினால் கடல் ஊறும் ஊரில்
உப்பை இறக்கிவைத்த தண்ணீர்தான்
ரத்தத்தின் உப்பை இறக்குகிறது.
இது என் வாசகமில்லை. டெக்னீஷியன் பவுலின்
பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வாள்.
முதலாளி அதைக் கேட்டு ஒருதடவை
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நடிப்பு என்கிறது இப்போது ஊர்.
எனக்குத் தெரியாது. பேரேட்டில்
கண்ணீருக்குத் தலைப்பு இல்லை.

மூன்று வருஷம்.
மாதம் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம், ஒன்றாம் தேதி தவறாமல்.
வரவுப் பக்கத்தில் ஒரே வரி எழுதி
மீதியைக் குறுக்குக் கோடு போட்டு அடித்துவிடுவேன்.
அந்தக் கோடுதான் உறுத்துகிறது.
ஒருவரே கொடுக்கையில்
மற்றவரைக் கேட்கும் வாய் ஒட்டிக்கொள்கிறது.

வியாழக்கிழமை இரண்டு எந்திரங்களுக்கு உறை மாட்டினோம்.
வாரம் மூன்று என்பது இரண்டாயிற்று.
மீராக்கனியின் கணுக்காலை பவுலின் அழுத்தினாள்.
விரலை எடுத்த பிறகும்
குழி நின்றது.

சனிக்கிழமை பூமயில் வந்தாள்.
பாசிக்காரி. பாறையில் அறுபடாதிருக்கத்
துணி சுற்றிச் சுற்றி வெளுத்த விரல்கள்.
மரிக்கொழுந்துப் பாசி விற்ற நாற்பத்தாறாயிரத்தை
வல்லம் வாங்க என்று நிறுவனத்தில் போட்டிருந்தாள்.
பத்திரத்தை மேசைமேல் வைத்தாள்,
நனைந்து காய்ந்த தாள்.

"அவுக உங்களுக்குக் குடுத்தது அவுக காசில்லையாமே."

என் கை தானாகப் பேரேட்டை மூடியது.

"காட்டு" என்றாள்.
"எதை?"
"எங்காசை."

உள்ளே கூட்டிப்போனேன்.
மீன் வாங்குகிறவள் செவுளை விரிப்பதுபோல
உறையைத் தூக்கிப் பார்த்தாள், பின்பக்கம் குனிந்தாள்,
தட்டிச் சத்தம் கேட்டாள்.
லெப்பையின் குழாயில் ரத்தம் போய்
திரும்பி வரும்வரை நின்றாள்.
"இதுல எம்பங்கு எவ்வளவு ஓடியிருக்கும்?"

பவுலின் கணக்குப் போட்டாள். நானும் சரிபார்த்தேன்.
நாற்பது தடவை.
ஒரு ஆளுக்கு மூன்று மாசம்.

"எந்த ஆளுக்கு?"

லெப்பை ரேடியோவை அணைத்தார்.
"என்னையே வச்சுக்க, தாயி."

அவள் சிரிக்கவில்லை.
போனால் போகட்டும் என்றும் சொல்லவில்லை.
பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகினாள்.
"திங்கக்கெழம கலெக்டர்ட்ட மனுக் குடுக்குறோம்.
நோட்டோட நீயும் வா.
எங்க காசு எங்க போச்சுன்னு நாங்க சொன்னா
அழுகைன்னுருவாக. நீ சொன்னா கணக்கு."

போகாதே என்றார் எங்கள் வக்கீல்.
நோட்டைக் காட்டினால் எந்திரங்களையும்
ஜப்தியில் எழுதிக்கொள்வார்களாம்.
பவுலின் ஒன்றும் சொல்லவில்லை,
ஓடாத எந்திரத்தின் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு ராத்திரி
குறுக்குக் கோட்டுக்குக் கீழே
இடுக்கிக்கொண்டு எழுதினேன்:
பூமயில், வேதாளை. நாற்பத்தாறாயிரம்.
நம்மைக் கேளாமல் வந்தது. அவளையும் கேளாமல்.
அதற்கடுத்து: சகாயராசு, அரை லோடு, கடன்.
அதற்கடுத்து பக்கம் காலி.
கோடு போடவில்லை.

காலையில் தனியார் பஸ். பாசி வாடையோடு பதினோரு பெண்கள்.
நோட்டு என் மடியில்.
எனக்கும் சேர்த்து டிக்கெட் பூமயில்தான் எடுத்தாள்,
இருபத்தைந்து ரூபாய்.
இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
உச்சிப்புளி தாண்டியும்
யோசித்துக்கொண்டிருந்தேன்.