தாங்கு சுவர்

சனிக்கிழமை. சஸ்காச்சுவானில் மைனஸ் முப்பது.
சமையலறைச் சுவரை இடித்த பிறகுதான்
அது தாங்கு சுவர் என்று தெரிந்தது வெர்லினுக்கு.
உத்தரம் விரற்கடை இறங்கிவிட்டது.
பக்கத்துப் பண்ணையில் ஜாக்கி இரவல் வாங்கி முட்டுக்கொடுத்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லவில்லை என்பது அவனுக்குக் கேட்டது.

ஓவன் இப்போது துணி துவைக்கும் அறையில்.
நாளைத் திருவிருந்துக்கு ரொட்டி என் முறை.
மேசையில் வெள்ளையாய்ப் படிந்திருந்ததைத்
தொட்டு நாக்கில் வைத்தேன்:
சுண்ணாம்பு.
துடைத்துவிட்டுப் பிசைந்தேன்.

இரவு ஜெபத்தில் எல்லோருக்கும் கண் திறந்தே இருந்தது,
கூரையின்மேல்.
சின்னவள் டிர்சா
ஜாக்கிக்காகவும் வேண்டிக்கொண்டாள்.

காலையில் ரொட்டி ஒரு பக்கம் சரிந்து உப்பியிருந்தது;
அந்த அறையின் தரை அப்படி.
போதகர் பிட்டுத் தந்தார்.
பல்லில் ஏதோ நறநறத்தது.
வெர்லினைப் பார்த்தேன்.
தலைகுனிந்து,
மெதுவாக,
மென்றுகொண்டிருந்தான்.