எடை சரி

நாசிக்கிலிருந்து படம் அனுப்பியிருந்தார் வாங்கியவர்:
பெட்டி, பஞ்சு, என் கையெழுத்து,
கடிகாரம் உட்கார்ந்திருந்த குழியில்
ஒரு வெள்ளைக்கல்.

ஐந்து ரோடு கூரியர் கவுண்டரில்
ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் தெய்வசிகாமணி.
"முந்நூத்திப் பத்து கிராம். இங்கயும் அதே, அங்கயும் அதே.
எடை சரியா இருக்கே சார்."

சரிதான்.
ஆனால் அந்தக் கல்லை எனக்குத் தெரியும்.
கருப்பூர்க் குவாரி ஓரம் மழை கழுவிப் போடுகிற ரகம்.
லாரி தொப்பூர் இறங்குமுன்பே
ஆள் மாறியாயிற்று.

போலீஸ் தாளில் விலை எழுதினேன்: ஒன்றேகால் லட்சம்.
எழுதாதது ஒன்று,
சாவி கொடுத்தாலும்
நாளுக்கு நாலு நிமிடம் பிந்தும் அது.
வாங்கியவரிடமும் சொல்லவில்லை.

இந்நேரம்
அம்மாப்பேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ
ஒரு மணிக்கட்டு
அதை நம்பிக் கிளம்பிக்கொண்டிருக்கும்,
ஏற்காட்டுக் கடைசி பஸ்ஸுக்கு.