டிக்கெட் எண் 639553

மலையேறும் பேருந்தில் எனக்கு வாந்தி வரும்.
எலுமிச்சை, புளிப்பு மிட்டாய்
எதற்கும் மசியாத வயிறு
வகுத்தலுக்கு மட்டும் கட்டுப்படும்.

அஸ்தம்பட்டி தாண்டியதும்
நடத்துநர் குழந்தைவேலு கிழித்துத் தந்தார்:
ஆறு லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து
ஐந்நூற்று ஐம்பத்து மூன்று.

அடுத்த எண் பக்கத்து இருக்கைக்காரிக்கு.
மடியில் புது குக்கர்.
அவளுடையது இரட்டைப்படை,
அடிவாரச் சோதனைச் சாவடியிலேயே
சரிபாதியாய் உடைந்துவிட்டது.
டிக்கெட்டை உருட்டிக் காது குடைந்துவிட்டு
ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

என்னுடையது லேசில் உடையவில்லை.

கொண்டை ஊசி வளைவுகள் இருபது.
வளைவுக்கு ஒரு பகா எண் என்பது என் கணக்கு.
இரண்டு தோற்றது.
மூன்றுக்கு, இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தொன்று,
ஒன்று மிச்சம்.
ஐந்துக்குக் கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே போதும்.
ஏழுக்கு மீதி ஐந்து,
பதின்மூன்றுக்கும் அதே ஐந்து.
ஓட்டுநர் கியர் மாற்றிய உலுக்கலில் பிசகியதோ என்று
மறுபடி போட்டேன்.
ஐந்துதான்.

கீழே வெள்ளைக்கல் மேடுகள்
சிந்திய சுண்ணாம்பு போலச் சிறுத்தன.
பதினாறாம் வளைவு. ஐம்பத்து மூன்று.
மீதி இரண்டே இரண்டு!
தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு
யாரோ எறிந்த புளிசாதப் பொட்டலத்தை
எனக்கு முன்பே பிரித்து முடித்திருந்தது.

இருபதாம் வளைவு. எழுபத்தொன்று.
மீதி ஐம்பத்தாறு.
காது அடைத்துத் திறந்தது.
யாராலும் பங்குபோட முடியாத ஒன்றை
இரண்டு விரலில் பிடித்திருக்கிறேன் என்று
கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பொய்தான், எனக்கே தெரியும்.
அதன் வர்க்கமூலம் எண்ணூறுக்கு மயிரிழை குறைவு.
அதற்குள் பகா எண்கள் நூற்று முப்பத்தொன்பது.
அத்தனை வளைவுக்குச்
சேர்வராயன் இன்னும் வளர வேண்டும்.

பாதை நேரானது. சில்வர் ஓக் நிழல்,
அதில் ஏறிய மிளகுக்கொடி.
கைப்பழக்கத்தில் இன்னொன்று போட்டேன்:
எழுபத்து மூன்று.
ஈவு எட்டாயிரத்து எழுநூற்று அறுபத்தொன்று.
மீதி இல்லை.

இல்லாத இருபத்தோராம் வளைவில்
இரண்டாய் விட்டுப்போனது.

பெரிய துண்டை ஒண்டிக்கடைக்குள்
நான்கு பகா எண்களால் தட்டிப் பார்த்தேன்.
அது அசையவில்லை.
ஆக, இது பகு எண்.
குறைவெண்ணும்கூட:
தன்னை விட்டுவிட்டுத் தன் வகுத்திகளைக் கூட்டினால்
எட்டாயிரத்து எண்ணூற்று முப்பத்தைந்து,
நூற்றில் ஒன்றரைப் பங்குகூடத் தேறாது.
மகிழ் எண்ணா என்றும் பார்த்தேன்.
இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டக் கூட்ட
ஒன்றில் போய் நிற்க வேண்டும்.
இதுவோ நூற்று நாற்பத்தைந்து, நாற்பத்திரண்டு,
இருபது, நான்கு, பதினாறு என்று
கிளம்பிய இடத்துக்கே திரும்பித் திரும்பி வந்தது.

அதோடு வேலை தீர்ந்தது.
வகுக்க ஒன்றுமில்லை என்று
வயிற்றுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

ஏரி தெரிந்த திருப்பத்தில்
பக்கத்து இருக்கைக்காரி கண்விழித்து
என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
புது குக்கரின் பிளாஸ்டிக் உறையை
உருவி நீட்டினாள்.